மெலிந்த பத்திரத்திலிருந்து தொடங்குவோம்

ஊரில் வாழ்ந்த காலத்தில் குடும்பப் பயணத்துக்குப் பெரிய ஆயத்தம் வேண்டியிருந்ததில்லை. கீரிமலைக்கோ செல்வச்சந்நிதிக்கோ போவதென்று முதல்நாள் இரவு பேசிக்கொண்டால், மறுநாள் விடியற்புறம் புறப்பட்டுவிடுவோம். கதிர்காமம் என்றால் வான் ஒன்றைப் பிடித்து, சோற்றுப் பொதிகளும் பாய்களுமாக ஏறிக்கொள்வோம். இன்றோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வர் நான்கு நாடுகளின் பத்திரங்களோடு வாழ்கின்றனர். இவர்களையும் இவர்களின் பிள்ளைகளையும் கோடை விடுமுறையில் பத்து நாட்கள் ஒரே கூரையின் கீழ்ச் சேர்ப்பது, கலியாணம் ஒன்றை நடத்தி முடிப்பதிலும் கடினமான காரியமாகிவிட்டது.

எம்மிடையே பல வீடுகளுக்குப் பொருந்தக்கூடிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எண்பதை நெருங்கும் தாய் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். மூத்த மகன் ரொறன்ரோவில் கனடியப் பிரசை. அவருக்குப் பேரக்குழந்தையும் உண்டு. மகள் சூரிச்சில். அடுத்த மகன் பாரிஸின் புறநகரில், இன்னும் அகதிப் பயணப்பத்திரத்துடன். இளையவர் ஜேர்மனியில் பிரசாவுரிமை பெற்றவர். மருமக்கள், பேரர், பூட்டப்பிள்ளை எல்லாருமாக 18 பேர்.

வழக்கமாக நடப்பது என்ன? கையில் பணமுள்ளவர் இடத்தைத் தெரிவுசெய்வார். கப்பற் பயணம் என்பார், அல்லது கொழும்பில் கடற்கரை விடுதி என்பார். எல்லாம் பேசி முடித்தபின்புதான் பாரிஸிலிருப்பவரின் பத்திரம் அங்கு செல்லாது என்பது நினைவுக்கு வரும். அவரும், "பரவாயில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டபின் போகும் பயணம் குடும்பப் பயணம் அன்று. ஆகவே கணக்கைத் தொடங்கவேண்டியது தடித்த பணப்பையிலிருந்து அல்ல. மிக மெலிந்த பத்திரத்திலிருந்தும் மிகத் தளர்ந்த முழங்காலிலிருந்துமே.

முதலில் பத்திரத்தைப் பார்ப்போம். அகதிகளுக்குப் பயணப்பத்திரம் வழங்கும் கடமையை 1951 ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை தனது 28 ஆம் உறுப்புரையில் அரசுகளுக்கு விதித்தது. எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தோமோ அந்த நாட்டுக்கு அப்பத்திரத்துடன் போக முடியாது. அந்நாட்டின் கடவுச்சீட்டை மீண்டும் எடுத்துப் போய்வந்தால், அதன் பாதுகாப்பை நாமாகவே திரும்ப ஏற்றுக்கொண்டதாகக் கருதி அகதி அந்தஸ்தை நீக்க அதே உடன்படிக்கை இடமளிக்கிறது. கனடாவில் 2012 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர், இவ்வாறு அந்தஸ்தை இழப்பவரின் நிரந்தர வதிவிட உரிமையும் கூடவே பறிபோகலாம். "எத்தனையோ பேர் போய் வருகிறார்கள்தானே" என்ற பேச்சை நம்பி இதில் இறங்குதல் ஆகாது. குடும்பத்தில் ஒருவர் இந்நிலையில் இருந்தாலும் யாழ்ப்பாணத்திற் கூடும் ஆசையை இப்போதைக்கு ஒத்திவைக்கவே வேண்டும்.

பாரிஸில் வசிப்பவர் தம் பயணப்பத்திரத்தோடும் வதிவிட அட்டையோடும் ஷெங்கன் நாடுகளுக்குள் விசா இன்றி 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்கிவரலாம். ஆகவே ஜேர்மனியிற் கூடுவது பொருந்தும். "இவ்வளவு தூரம் வந்து லண்டனைப் பார்க்காமலா?" என்று எவரேனும் கேட்பர். அகதிப் பத்திரத்துக்கு விசா விலக்கு அளிக்கும் ஐரோப்பிய ஒப்பந்தத்தைப் பிரித்தானியா 2003 இல் இடைநிறுத்திவிட்டது. தாயாருக்குக் கிடைக்கும் ஷெங்கன் விசாவும் அங்கு செல்லாது. அது ஒருமுறை நுழைவதற்கு மட்டும் உரியதானால், வெளியே போனவர் திரும்பி உள்ளே வரவும் முடியாது. லண்டனை மறந்துவிடுவோம்.

அடுத்தது தாயாரின் விசா. பயணத் திகதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குமேற் பிந்தக்கூடாது. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்கு அப்பால் மூன்று மாதங்களாவது செல்லுபடியாக இருத்தல் வேண்டும். ஜேர்மனியிலிருக்கும் மகன் வெளிநாட்டவர் அலுவலகத்தில், தாயின் செலவைத் தாமே ஏற்பதாகப் பொறுப்புப் பத்திரம் எழுதி, அதன் மூலப்பிரதியை அனுப்பலாம். கைவிரல் அடையாளம் கொடுக்கத் தாயார் கொழும்புக்குப் போய்வர வேண்டியிருக்கும். அந்தக் களைப்பையும் நாட்கணக்கையும் சேர்த்தே திட்டமிடுக. விசா கைக்கு வருமுன் விமானச்சீட்டுக்கு முழுப்பணம் கட்டவேண்டாம். பொதுவாக முன்பதிவே போதும். வீட்டையும் இரத்துச் செய்யக்கூடிய நிபந்தனையோடு பிடிப்பதே புத்தி.

பெயர் விடயம் எம்மவருக்கே உரிய தொல்லை. தகப்பன் பெயர் ஒருவருக்குக் குடும்பப் பெயராகவும் இன்னொருவருக்கு முதற்பெயராகவும் பதிவாகியிருக்கும். தாயின் குடும்பப் பெயர் வேறு, பிள்ளையினது வேறு. விமானச்சீட்டிற் பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்கவேண்டும். தாய் தகப்பன் இல்லாமற் பேரனாருடனோ மாமியுடனோ வரும் பிள்ளைக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழின் பிரதியும் கையில் இருக்கட்டும்.

காலத்தைத் தெரிவதும் இலகுவன்று. கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி ஆகிய நான்கிலும் பள்ளிகள் ஒருசேர மூடியிருப்பது பெரும்பாலும் யூலையின் பிற்பகுதியையொட்டித்தான். ஜேர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் திகதி மாறும். ஏறக்குறைய அதே வேளையில் நல்லூரிற் கொடியேறும். இருபத்தைந்து நாள் திருவிழாவை விட்டுத் தாயார் வருவாரா? அவரைக் கேளாமல் திகதி குறித்தல் கூடாது. கொடியேற்றத்துக்கு முன் ஊர் திரும்பும்படி ஒழுங்குசெய்தால் மறுக்கமாட்டார்.

இடம்? ஜேர்மனியின் ஹம் நகரையடுத்த நாட்டுப்புறத்தில் விடுமுறை வீடு ஒன்று பொருத்தமாகும். 2002 இற் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் அங்குள்ளது. பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வருவோருக்குத் தரைவழித் தூரம் ஏறத்தாழ 600 கிலோமீற்றர்தான். இளையோர் ஒருநாள் கொலோனுக்குப் போய்ப் பேராலயக் கோபுரத்தின் 533 படிகளையும் ஏறிப் பார்க்கட்டும். மூத்தோர் கீழே றைன் நதிக்கரையில் இருக்கட்டும். தாயாருக்குத் தரைத்தளத்தில் அறையும் அருகே குளியலறையும் உண்டோ என்று கேட்டபின்பே வீட்டுக்கு முற்பணம் கொடுக்கவேண்டும். மீன் பொரிக்குமுன் சமையலறை யன்னல்களைத் திறந்துவிடுங்கள். புகை எச்சரிப்பு மணி எம் பொரியலைத் தீ என்றே எண்ணும்.

தாயாரைத் தனியே விமானமேற்றாது துணையோடு அழைத்தல் நன்று. சக்கர நாற்காலி உதவியைப் பயணத்துக்கு 48 மணிநேரமாவது முன்பே விமான நிறுவனத்துக்கு அறிவிக்கவேண்டும். மருந்துகள், மருத்துவரின் கடிதம், இன்சுலின் யாவும் கைப்பையிலேயே வரட்டும். பொதியறைக் குளிரில் இன்சுலின் உறைந்து பயனற்றுப்போகலாம். நான்கு மணிநேரத்துக்கு மேற்பட்ட பறப்பிற் காலில் இரத்தம் உறையும் ஆபத்துக் கூடும். இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள். பார்சல் கட்டாமல் அவர் வரமாட்டார். இறைச்சியும் பாற்பொருளும் ஐரோப்பிய எல்லையில் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். கருவாடு ஓரளவுக்கு வரலாம், தேங்காய்க்குத் தடையில்லை.

இனிப் பணம். தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால், உணவகத்தில் மணிக்கூலிக்கு உழைப்பவர் விடுமுறை நாட்களின் சம்பளத்தையும் இழந்து பங்கும் கட்டவேண்டியவராவார். இயன்றவர் இயன்றதைக் கொடுக்க, கணக்கு ஒருவரிடம் மாத்திரம் இருக்கட்டும். யார் எவ்வளவு என்பது பந்தியிற் பேசப்படலாகாது. குறைவாகக் கொடுத்தவரின் மனைவியைச் சமையலறையில் நிறுத்திவிடும் வழக்கம் எம்மிடையே உண்டு. இது வாயாற் சொல்லப்படுவதில்லை. தானாக நடப்பது போலவே நடக்கும். 18 பேருக்கு மூன்று வேளை சமைப்பவருக்கு அது விடுமுறையும் அன்று, உறவும் அன்று. ஆண்களின் பெயரும் எழுதிய முறைப்பட்டியலை முதல்நாளே சுவரில் ஒட்டுங்கள்.

பத்து நாட்களில் மூன்று நாட்களுக்கு மேல் ஊர்சுற்ற வேண்டாம். பிரெஞ்சு பேசும் பிள்ளையும் ஜேர்மன் பேசும் பிள்ளையும் தமக்குள் ஆங்கிலத்தில் எப்படியோ சமாளித்துக்கொள்வர். ஆனால் அந்தத் தாயோடு பேசவேண்டுமானால் அவர்களுக்குத் தமிழைத் தவிர வேறு வழியில்லை. வெறுமையாக விட்ட பின்னேரங்களில்தான் அந்தப் பேச்சு நடக்கும். எமது பெற்றோருக்கு இனி எத்தனை கோடைகள் உண்டென்று எவரும் அறியோம்.

இவ்வாரமே ஒரு தாளை எடுங்கள். குடும்பத்திலுள்ள ஒவ்வொருவரின் பெயர், பத்திரத்தின் வகை, அது முடிவடையும் திகதி ஆகியவற்றை எழுதுங்கள். மிகக் கடினமான பத்திரம் யாருடையதோ அவர் பெயரை முதல் வரியில் எழுதி, அவரிடமே கேளுங்கள்: "உன்னால் எங்கே வரமுடியும்?"