நெய்த்தோர்ப்பட்டியும் வீட்டுக் கடனும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், நள்ளிரவு கழிந்த பொழுதில் 'கசா' புயல் வேதாரணியத்தை ஒட்டிக் கரையேறியது. அதிராம்பட்டினத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் வேரொடு சாய்ந்தன. கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் சிதைந்தன. அவ்விரவில் காசுமீரத்துப் பனியில் காவல் நின்ற தஞ்சைத் தமிழிளைஞன், தன் தாய் எந்தக் கூரையின்கீழ் ஒண்டியிருக்கின்றாளோ என்று எண்ணித் துடித்திருப்பான். நாட்டின் எல்லையை அவன் காக்கின்றான். அவன் வீட்டின் கூரையைக் காப்பவர் யார்? காவிரியின் கடைமடையிலிருந்து, உப்புக்காற்று சுவரை அரிக்கும் இக்கரையிலிருந்து, இவ்வினாவை எழுப்புகின்றோம்.

பண்டைத் தமிழகம் இதற்குக் கல்லிலேயே விடை எழுதி வைத்தது. ஊர்க்காவலிலும் ஆநிரை மீட்பிலும் பட்ட மறவனுக்கு நடுகல் எடுத்ததோடு நம் முன்னோர் அமைந்துவிடவில்லை. அவன் வழியினர் வாழ நிலமும் விட்டனர். அந்நிலத்தை நெய்த்தோர்ப்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் கல்வெட்டுகள் கூறும். நெய்த்தோர் என்பது குருதி. சிந்திய குருதிக்கு ஊர் பட்ட கடனை ஊரே தீர்த்தது. அங்கே கடனாளி ஊர். இன்றோ நிலை தலைகீழாயிற்று. குருதி சிந்தினவன் குடும்பமே கடனாளியாய் வைப்பகத்தின் படியேறி நிற்கின்றது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறோம். 1976-இல் தொடங்கப்பெற்ற தரைப்படைக் குழுக்காப்பீட்டு வைப்புநிதி, பணியிலிருப்போர்க்கு வீட்டுக்கடன் தருகின்றது. ஆயின் அது படைமறவர்தம் சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்த்த பணமே. 1978-இல் தோன்றிய தரைப்படை நலவீட்டு அமைப்பு வீடுகள் கட்டித் தருகின்றது; ஆயின் அவை பெருநகரங்களை நாடியே எழுகின்றன. போரில் இறந்தார் குடும்பத்திற்கும் உறுப்பிழந்தார்க்கும், வீட்டுக்கடன் வட்டியில் பாதியை ஈடுசெய்ய நடுவண் படைவீரர் வாரியம் வகுத்த திட்டமும் உண்டு. 'பாதி வட்டி' என்றவுடன் நெஞ்சு குளிர்கின்றது அன்றோ? அதற்கு வகுத்த எல்லை 1 இலக்கம் உருபா.

கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு எட்டரை வட்டியில் 20 இலக்கம் உருபாவை 20 ஆண்டுக்கு வாங்கினால், திங்கள்தோறும் ஏறத்தாழ 17,356 உருபா கட்டவேண்டும். இறுதியில் வட்டி மட்டும் 21 இலக்கத்து 65 ஆயிரத்தை எட்டும். இதிற்பாதி பத்தே முக்கால் இலக்கத்திற்கு மேல். கைக்கு வருவதோ 1 இலக்கம். சொல்லிற் பாதி; செயலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை!

பிற நாடுகள் என் செய்தன? அமெரிக்கா 1944 சூன் 22-இல் படைமறவர் மறுவாழ்வுச் சட்டம் இயற்றியது. அரசு பணம் தரவில்லை, பிணை நின்றது. அப்பிணையை நம்பி வைப்பகங்கள் முன்பணமின்றியே கடன் ஈந்தன. 1952-க்குள் ஏறத்தாழ 24 இலக்கம் வீட்டுக்கடன்கள் இவ்வாறு கிடைத்தன. ஆயின், 1947-இல் மிசிசிப்பி மாநிலத்தில் வழங்கிய 3,200-க்கு மேற்பட்ட கடன்களுள் கறுப்பின மறவர்க்குக் கிட்டியவை இரண்டே இரண்டு! சட்டம் ஒன்றாய் இருந்தும், வைப்பகத்தின் படியில் அது இரண்டாய்ப் பிளந்தது. திட்டம் தீட்டினால் மட்டும் போதாது. அது கடைசி ஆள் கைக்குச் சேரும் வழியையும் காக்கவேண்டும் என்பதே இதில் நாம் கொள்ளத்தக்க பாடம்.

நம்மூரில் அவ்வழி எவ்வாறுள்ளது? வீடு நத்தம் நிலத்தில், 'பட்டா' பாட்டன் பெயரில், பங்கு பிரியவில்லை, வில்லங்கச் சான்றும் வரைபட ஒப்புதலும் வேண்டும். இவற்றைத் தேடி அலைபவள் கணவனை இழந்த ஒருத்தி. எல்லாம் திரட்டியபின் அவள்முன் நீட்டப்பெறும் தாள்களோ ஆங்கிலத்தில்! தான் எதற்கு ஒப்பமிடுகின்றோம் என்றறியாமலே இருபதாண்டுச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்கின்றாள். இது மொழிச்சிக்கல் மட்டுமன்று, வயிற்றுச்சிக்கல். கடனின் முகாமைச் செய்திகளைக் கடன் பெறுவார்க்கு விளங்கும் மொழியில் எழுதித் தந்து விளக்கவும் வேண்டும் என்பது, 2024 அத்தோபர் 1 முதல் நடப்பிலுள்ள இந்திய ஏம வைப்பகத்தின் கட்டளை. தமிழில் கேட்பது சலுகையன்று, உரிமை. கேட்டுப் பெறுங்கள், கேட்கத் தெரியாதவர்க்குத் துணை நில்லுங்கள்.

"வீடற்ற ஏழையர் எத்தனையோ பேர் இருக்கப் படைமறவர்க்கு மட்டும் தனிச்சலுகை ஏன்?" என்று வினவுவாருளர். வினா முறையானதே. ஏழையர்க்கு வீடு வேண்டாவென்று யாம் சொல்லவில்லை. ஆயின், ஏனையோர் ஊரிலிருந்து வீடு கட்டும் இளமையைப் படைமறவன் கூடாரங்களிற் கழிக்கின்றான். முப்பத்தைந்து, நாற்பது அகவையில் திரும்புங்கால் கடைசிச் சம்பளத்தின் பாதியே ஓய்வூதியம். பிறர்க்குக் கடன் வாங்கும் தகுதி பெருகும் அகவையில் அவனுக்கு அது சுருங்குகின்றது. இக்குறையை உண்டாக்கியது அவன் சோம்பலன்று, நாட்டின் ஆணை.

2022-இல் வந்த 'அக்கினிபத்' திட்டமோ இப்பாதியையும் பறித்துவிட்டது. அறிவித்த முறைப்படி நான்கே ஆண்டுப் பணி. நால்வருள் ஒருவர் அளவே தொடரலாம். ஏனையோர் ஏறத்தாழ 11.71 இலக்கம் உருபாவுடன் ஊர் திரும்ப வேண்டும். ஓய்வூதியமில்லை, முன்னாள் படைவீரர் என்னும் தகுதியுமில்லை. எதைப் பிணையாய்க் காட்டி அவ்விளைஞன் வீட்டுக்கடன் கேட்பான்?

ஆகலின் யாம் கேட்பவை மூன்று. படைமறவர் குடும்பத்தின் வீட்டுக்கடனுக்கு அரசே பிணை நிற்கட்டும். நான்காண்டு மறவனையும் அதிற் சேர்க்கட்டும். போரில் இறந்தார் குடும்பத்திற்குப் பாதி வட்டி என்றால், எல்லையின்றிப் பாதியாகவே தரட்டும். தமிழ்நாட்டில் கடன் தாள் ஒவ்வொன்றும் தமிழில் இருக்கட்டும்.

கல் நட்டு, நிலமும் விட்ட இனம் நம்மினம். இன்று கல் மட்டும் நடுகின்றோம், நிலத்தை மறந்துவிட்டோம். மாலையிட்டுத் திரும்புமுன், அம்மறவனின் வீட்டுக் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், தமிழன்பர்களே!