டிஸ்பென்சரி வாசலில் மூன்று படி

சிங்கப்பூரின் செங்காங் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த இடம். இன்று அங்கே வானளாவிய அடுக்குமாடி வீடுகள். 2018-இல் 1,000 படுக்கைகளோடு பொது மருத்துவமனையும், அதையொட்டி 400 படுக்கைகளோடு சமூக மருத்துவமனையும் திறக்கப்பட்டன. கட்டடத்தின் உயரத்தைப் பார்த்து வாய் பிளப்பதற்காக இதை நாம் எழுதவில்லை. கால் வராத ஒருவர் அந்த வாசல்வரை எப்படி வந்து சேர்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கட்டடங்களில் தடையில்லா வழி அமைப்பதற்கான விதிகள் அங்கே 1990-லேயே வந்துவிட்டன. 2020 முடிவில் பொதுப் பேருந்துகள் அத்தனையும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவை ஆகிவிட்டன. லிப்ட், நடைபாதை, பஸ், ஆஸ்பத்திரி வாசல் எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றதெல்லாம் வீண்தான்.

சக்கர நாற்காலியோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குக் கூட்டமும் இரைச்சலும் கண்ணைக் கூசும் விளக்கும் தாங்காது. செங்காங்கை அடுத்த பொங்கோலில் 2023-இல் திறந்த வட்டார நூலகத்தில், அப்படிப்பட்டவர்கள் ஒதுங்கி மனசு அடங்க அமைதிக் கூடுகள் வைத்திருக்கிறார்கள். புத்தகம் படிக்கிற இடத்திலேயே அது தேவை என்றால், ஊசி போடுகிற இடத்தில் வேண்டாமா?

நம் தோட்டங்களுக்கு வருவோம். பல இடங்களில் டிரசர் அறைக்கு ஏற மூன்று படி. உள்ளே ஒரே பெஞ்சு, நெருக்கடி. பிள்ளை காதைப் பொத்திக்கிட்டு அலறினால், "என்ன புள்ள வளத்திருக்கே?" என்று ஒரு பேச்சு. அடுத்த தடவை அந்தத் தாய் வருவதில்லை. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளையின் பல்வலியும் காதுவலியும் வீட்டுக்குள்ளேயே முற்றிப் போகின்றன. மூன்று படியும் ஒரு சுடுசொல்லும் சேர்ந்து வைத்தியத்தையே தடுத்துவிடுகின்றன.

நாம் கேட்பது மாளிகை இல்லை. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாக ஒரு சிமெண்டுச் சரிவு, பக்கத்தில் பிடிக்கக் கம்பி. மறைப்புப் போட்ட ஓர் அமைதியான மூலை. மினுக்கும் டியூப்லைட்டை மாற்றுவது. இந்தப் பிள்ளைகளைக் காக்க வைக்காமல் முதலில் கூப்பிடுவது. கருவியைத் தொடவிட்டு, "இப்ப இதை வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு வைப்பது. கடைசி இரண்டுக்கும் ஒரு காசுகூடச் செலவில்லை.

இது யாரும் போடுகிற பிச்சையும் அல்ல. தோட்ட முதலாளி வீட்டோடு வைத்திய வசதியும் தர வேண்டும் என்கிறது நம் நாட்டின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம். மாற்றுத் திறனாளிகளுக்கு மற்றவர்களோடு சமமாக மருத்துவ வசதி உண்டு என்கிறது 2008-ஆம் ஆண்டுச் சட்டம்.

தாய்மார்களே, பிள்ளையை லயத்துக்குள் மறைத்து வைக்காதீர்கள். சமூக நல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை எடுங்கள். கிளைத் தலைவர்களே, சம்பளக் கோரிக்கையோடு இந்தச் சரிவையும் மூலையையும் சேர்த்து எழுதுங்கள். நிர்வாகம் என்ன பதில் சொல்கிறது, பார்த்துவிடுவோம்!