கொடைமடமும் நூற்கொடையும்

கடையெழு வள்ளல்களுள் பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். படர்வதற்குக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேர் ஓரளவேனும் பயன்பட்டிருக்கும். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று பேகன் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணாது ஈயும் இவ்வியல்பையே பரணர் 'கொடைமடம்' எனப் போற்றினார். குறுநில மன்னர்க்கு அஃது அழகுதான். ஆனால் சிற்றூர் நூலகத்திற்கும் அரசுப் பள்ளிக்கும் நூல் வழங்க முன்வருவோரிடம் அவ்வழகு இருத்தல் ஆகாது.

வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் பலருக்கு நூலகத்தின் நினைவு வருகிறது. அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்குபவை யாவை? பாடத்திட்டம் மாறியதால் பயனற்றுப்போன வழிகாட்டி நூல்கள், பழைய போட்டித்தேர்வு வினாவிடைத் தொகுப்புகள், விற்பனையாகாது தேங்கிய ஒரே நூலின் இருபது படிகள், பாதி எழுதிய நாட்குறிப்புகள். ஏழு வயதுக் குழந்தை ஆவலுடன் எடுத்துப் புரட்டக்கூடிய நூல் அவற்றுள் ஒன்றிரண்டு இருந்தாலே வியப்பு. கொடுப்பவரின் மனம் நோகக்கூடாது என்று நூலகர் மறுக்காமல் பெற்றுக்கொள்கிறார். ஒருமுறை இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட நூலை எளிதில் நீக்கவும் இயலாது; அதற்கு மேலிடத்து ஒப்புதல் வேண்டும். எனவே அடுக்கில் இருக்கும் சிறிதளவு இடத்தையும் அந்நூல்களே பிடித்துக்கொள்கின்றன. இதனைக் கொடை என்பதைவிட இடமாற்றம் என்பதே பொருந்தும்.

குழந்தைக்கு உரிய நூல் எது என்பதைக் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தல் வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பருவத்தில் பக்கத்திற்கு இரண்டு மூன்று வரிகளும் பெரிய எழுத்தும் தெளிவான படமும் போதும். எட்டு, ஒன்பது வயதில் ஒரே அமர்வில் முடியும் கதை வேண்டும். பன்னிரண்டு வயதில் துப்பறியும் கதை, விண்வெளி, பாம்பு, பறவை, கிரிக்கெட் வீரரின் வாழ்க்கை என விருப்பங்கள் பல கிளையாகப் பிரிகின்றன. நீதி போதிக்கும் கதைகளையே தேடித் தேடி வழங்கும் பெரியோர், தம் பன்னிரண்டாம் வயதில் தாம் எவற்றை ஒளித்துவைத்துப் படித்தோம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

மொழியும் கருதத்தக்கது. நகரத்து வீடுகளிலிருந்து வரும் வழவழப்பான ஆங்கிலக் கதைநூல்களைத் தமிழ்வழியில் மூன்றாம் வகுப்புப் பயிலும் சிறுமி கையில் எடுக்கிறாள், படங்களைப் பார்க்கிறாள், மூடி வைக்கிறாள். தான் படிக்கத் தகுதியற்றவள் என்ற எண்ணம் அவளுக்குள் மெல்லப் புகுந்துவிடுகிறது. கண்மாயும் பனைமரமும் பேருந்து நிறுத்தமும் வரும் பதினாறு பக்கத் தமிழ்ப் படக்கதை ஒன்று அவளுக்கு அந்நேரத்தில் அவற்றினும் பெரிது. அதன் விலையும் குறைவே. ஒரே நூலின் ஐந்து படிகளை வாங்கி அளித்தால் ஐவர் சேர்ந்து படித்துத் தமக்குள் வாதிடவும் வழி பிறக்கும்.

பழைமையின் மீதுள்ள மதிப்பும் சில வேளைகளில் இடறச் செய்கிறது. பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழுக்குப் பெருமை சேர்த்த பணி. அது போற்றிக் காக்கப்பட வேண்டும். ஆயினும் நிலவில் இறங்கிய சந்திரயானைப் பற்றி அறிய வரும் சிறுவனிடம் அத்தொகுதிகளை நீட்டுவது முறையன்று. அவை ஆய்வு நூலகத்தில் இருக்கட்டும். அவனுக்கு இவ்வாண்டின் நூல் வேண்டும்.

சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் 1931இல் வெளியிட்டார். அவற்றுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே உரியவை என்பது. மிக எளிய உண்மையாகத் தோன்றும் இதனை ஒரு விதியாக வகுக்க வேண்டிய தேவை அன்று இருந்தது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். வாசகரைத் தேடி நூல் சென்ற காலம் அது.

இன்று பல பள்ளிகளில் நூல் பூட்டிய அலமாரிக்குள் உறங்குகிறது. ஆசிரியரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. தொலைந்த நூலுக்கு அவரே பொறுப்பு என்ற அச்சம் இருக்கும்வரை அவர் பூட்டைத் திறக்கத் தயங்கவே செய்வார். நூறு நூல்களுள் சில ஆண்டுதோறும் கிழியும், சில திரும்பி வாரா. சுண்ணக்கட்டி தேய்வதைப்போல இதனையும் இயல்பான செலவாகக் கணக்கிடப் பள்ளி நிருவாகம் முன்வர வேண்டும். கொடையாளரும் 'கிழிந்தால் வருந்தமாட்டேன்' என்று சொல்லியே நூலைத் தருவது நன்று. அட்டையில் தம் பெயரைப் பெரிதாகப் பொறித்து, ஆண்டு கழித்து வந்து அது புத்தம்புதிதாக இருப்பதைக் கண்டு மகிழ்பவர், அதனை எவரும் தொடவில்லை என்பதற்காகவே மகிழ்கிறார்.

நூற்கொடையே கூடாது என்போரும் உளர். அவர்தம் வாதத்தில் வலிமை உண்டு. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், ஆண்டு 1948. அச்சட்டத்தின் வழியே தமிழ்நாட்டில் சொத்துவரியுடன் ரூபாய்க்குப் 10 காசு நூலக வரியாக இன்றும் பெறப்படுகிறது. மக்கள் ஏற்கெனவே செலுத்திய பணம் இருக்க, பழைய நூல்களை இரந்து அடுக்கை நிரப்புவானேன் என்பது அவர்கள் வினா. உள்ளாட்சி அமைப்புகள் வரியைத் திரட்டிவிட்டு உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிற்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பதும் உண்டு. கொடையால் அடுக்கு நிரம்பிவிட்டால் அந்நிலுவையை எவரும் கேட்கமாட்டார்கள் என்ற ஐயம் பொய்யன்று.

எனினும் எட்டு வயது ஓராண்டே நீடிக்கும். நிலுவை வந்து சேர்வதற்குள் அச்சிறுமி ஒன்பதைக் கடந்துவிடுவாள். ஆகவே கொடுப்பதும் கேட்பதும் ஒருசேர நடைபெற வேண்டும். நூல் வழங்குபவருக்கே, வரி என்னவாயிற்று என்று கேட்கும் தகுதி கூடுதலாக உண்டு. அடுக்கின் வெறுமையை அவர் கண்ணால் கண்டவர். கிராம சபைக் கூட்டத்தில் ஊர்ப்புற நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, சென்ற ஆண்டு எத்தனை சிறுவர் நூல்கள் வாங்கப்பட்டன என வினவலாம். பதினொன்றாம் வகுப்பில் பயில்வோர் பலர் இன்னும் ஈராண்டுகளில் அக்கூட்டத்தில் வாக்காளராக அமரப்போகிறவர்கள்.

அதுவரை அவர்கள் செய்யத்தக்கதும் உண்டு. பத்தாண்டுகளுக்கு முன் தாம் படித்த கதைநூல்கள் பரணில் கிடக்கலாம். அவற்றை உடனே கட்டி எடுத்துச் செல்லாமல், முதலில் வெறுங்கையுடன் நூலகத்திற்குச் சென்று, எவை இல்லை, எவற்றைக் குழந்தைகள் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர் என்று நூலகரிடம் வினவி எழுதிக்கொள்வது தக்கது. பொருந்தும் நூல்களைத் துடைத்து, பிரிந்த தாளை ஒட்டி, அட்டையிட்டுத் தரலாம். பொருந்தாதவற்றைப் பழைய புத்தகக் கடையில் விற்று, வரும் தொகையில் ஒரு புதிய படக்கதை வாங்கலாம். நூலைக் கொடுத்தபின் அரைமணி நேரம் அங்கேயே அமர்ந்து, சுற்றியிருக்கும் சிறுவர்க்கு அதிலிருந்து ஒரு கதையை உரக்கப் படித்துக்காட்டவும் செய்யலாம். அன்று மாலையே அந்நூல் எவர் வீட்டிற்கேனும் போய்ச் சேரும்.