பென்டிரைவில் இடமிருந்தும் கோப்பு ஏறாதது ஏன்?

சித்தியவானில் எஸ்.டி.பி.எம். படிக்கும் மாணவி ஒருவர், வரலாற்றுப் பாட இடுபணிக்காகத் தம் பாட்டியைப் பேட்டி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். 40 நிமிடப் பேட்டி. கைப்பேசியில் 4கே தரத்தில், நிமிடத்திற்கு 170 மெகாபைட் என்ற கணக்கில் பதிவானால், காணொளியின் அளவு 6.8 ஜிகாபைட். அதைப் புதிதாக வாங்கிய 64 ஜிகாபைட் பென்டிரைவில் ஏற்றப் பார்க்கிறார். கோப்பு மிகப் பெரியது என்று கணினி மறுக்கிறது. பென்டிரைவோ காலியாகத்தான் இருக்கிறது!

கோளாறு பென்டிரைவில் இல்லை. அதன் ‘ஃபார்மேட்’டில், அதாவது கோப்புகளை எங்கே, எப்படி வைப்பது என்று கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது. கடையில் வாங்கும் பென்டிரைவ் பலவும் ‘ஃபேட்32’ முறையில் வருகின்றன. இம்முறை 1996-இல் விண்டோஸ் 95-இன் மேம்பட்ட பதிப்போடு வந்தது. இதில் ஒரு கோப்பின் அளவைக் குறித்து வைக்க 32 பிட் மட்டுமே உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. எனவே ஒரு கோப்பு ஏறத்தாழ 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. பென்டிரைவில் எவ்வளவு இடம் இருந்தாலும் இதே கதைதான்.

கருவி வளர்ந்த வேகத்தில் கணக்குமுறை வளரவில்லை. 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரில் இக்கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டு நம் சிலாங்கூர், செகிஞ்சானைச் சேர்ந்த புவா கெய்ன் செங், தைவானில் நண்பர்களோடு ஃபைசன் நிறுவனத்தைத் தொடங்கினார். பென்டிரைவை ஒரே சில்லில் இயக்கும் தொழில்நுட்பத்தில் அந்நிறுவனம் முன்னோடி. அக்காலத்தில் 8 மெகாபைட் இருந்தாலே பெரிது. 4 ஜிகாபைட் கோப்பை அன்று யார் நினைத்தார்கள்?

இன்னொரு வரம்பின் கதை இதைவிட வியப்பானது. விண்டோஸில் 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட பென்டிரைவை ஃபேட்32 முறைக்கு மாற்ற முடியாமல் இருந்தது. அதற்கான திரையை 1994-இன் இறுதியில் ஒரு வியாழக்கிழமை காலையில், தற்காலிகமாகத்தான் எழுதியதாக முன்னாள் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டேவ் பிளமர் பின்னர் கூறினார். அன்று அவர் தேர்ந்த எண்தான் 32. அந்தத் தற்காலிகம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2024 ஆகஸ்டில்தான் விண்டோஸ் 11-இன் சோதனைப் பதிப்பில், கட்டளை வழியாக மாற்றுவோருக்கு இவ்வரம்பை 2 டெராபைட்டாக உயர்த்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆனால் கவனியுங்கள்: அந்த அறிவிப்பு 4 ஜிகாபைட் கோப்பு வரம்பைத் தொடவில்லை. நம் மாணவியின் காணொளி அப்போதும் ஏறாது.

அப்படியானால் எதைத் தேர்வது? விண்டோஸ் கணினியில் மட்டும் பயன்படுத்தினால் 1993-இல் வந்த ‘என்டிஎஃப்எஸ்’ போதும்; ஆனால் மேக் கணினி அதைப் படிக்குமே தவிர, தானாக அதில் எழுதாது. பழைய கார் வானொலி, அச்சு இயந்திரம் போன்றவற்றுக்கு ஃபேட்32 இன்னும் பாதுகாப்பான தேர்வு. வீடு, பள்ளி, நண்பரின் மேக் என்று பல இடங்களுக்கும் பெரிய கோப்புகளைக் கொண்டு செல்வோருக்கு ஏற்றது ‘எக்ஸ்ஃபேட்’. 2006-இல் வந்த இம்முறையின் விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2019-இல் பொதுவில் வெளியிட்டது. அதன்பின் லினக்ஸும் இதை நேரடியாக ஏற்றுக்கொண்டது.

எக்ஸ்ஃபேட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. எழுதும்போது இணைப்பு அறுந்தால் நிலைமையைச் சரிசெய்ய உதவும் பதிவேடு என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு, எக்ஸ்ஃபேட்டில் இல்லை. ஃபேட்32-இலும் இல்லை. எனவே ‘இஜெக்ட்’ கொடுக்காமல் பென்டிரைவைப் பிடுங்காதீர்கள்.

மாற்றும் வழி எளிது. விண்டோஸில் பென்டிரைவின் மேல் வலச்சொடுக்கி, ‘ஃபார்மேட்’ என்பதைத் திறந்து எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதற்கு முன் உள்ளே இருப்பதையெல்லாம் வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். ஃபார்மேட் செய்தால் பழைய கோப்புகள் மறைந்துவிடும். அதே நேரம், ‘குவிக் ஃபார்மேட்’ கணக்குப் புத்தகத்தைத்தான் புதிதாகத் தொடங்குகிறது. பழைய தரவு பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும், மீட்கவும் முடியும். பென்டிரைவைப் பிறருக்குக் கொடுக்கும்போது இதை மறக்கக்கூடாது.

எந்த ஃபார்மேட்டும் பென்டிரைவ் தொலைவதைத் தடுக்காது. பாட்டியின் பேட்டி இரண்டு இடங்களிலாவது இருக்கட்டும். இடுபணியை மீண்டும் எழுதிவிடலாம். தோட்டத்து நாள்களைப் பாட்டி மீண்டும் ஒருமுறை அதேபோல் சொல்வார் என்பதற்கு உறுதி இல்லை.