மேலே பயணி, கீழே பாட்டாளி!

விமானம் என்றதும் நம் நினைவுக்கு வருவது விண். விரிந்த சிறகு, வெண்முகில், மனித அறிவு எட்டிப் பிடித்த உயரம்! ஆனால், விண்ணிலே பறக்கும் அந்த விமானம் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னும் பின்னும் மண்ணிலே வந்து நிற்கிறது. நிற்கும் அந்தச் சிறிது நேரத்துக்குள்ளே, அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு கூட்டம் குனிந்தும் நிமிர்ந்தும் ஓடியும் உழைக்கிறது. மூட்டையும் பெட்டியும் ஏற்றுவோர், இறக்குவோர், எண்ணெய் நிரப்புவோர், கழிவை அகற்றுவோர், சக்கரத்துக்குக் கட்டை வைப்போர், இழுவை வண்டி ஓட்டுவோர், காதிலே கருவி மாட்டி விமானியோடு பேசுவோர்! சாளரத்தோரம் அமர்ந்த பயணி ஒரு கணம் அவர்களைப் பார்க்கிறார். விமானம் மேலெழுந்ததும் மறந்துவிடுகிறார். பயணி மறப்பதிலே குற்றமில்லை. சட்டமும் மறந்துவிடுகிறதே, அதைப் பற்றித்தான் இந்த ஞாயிறன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

"பேருந்துக்கே காத்துக் கிடக்கும் பூம்பாறைக்கும் பறக்கும் விமானத்துக்கும் என்னய்யா தொடர்பு?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவிலே படிப்படியாக வெட்டிய வயல்களிலே பூண்டு விளைவிக்கும் ஊர் நம் பூம்பாறை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ந்தோம். பூண்டுக்குப் பெயர் கிடைத்தது. ஆனால், படித்த பிள்ளை இன்றும் வேலை தேடி மலையிறங்குகிறான். பனியன் ஆலை, கட்டடப் பணி, கிடங்கு, விமான நிலையம் என்று கிடைத்த வாசலிலே நுழைகிறான். நாம் பெற்ற பிள்ளை நுழையும் வாசல் எதுவானாலும், அங்கே அவன் உயிருக்கு என்ன மதிப்பு என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கடமையும் உண்டு.

மூன்று சாவுகளைச் சொல்கிறேன்.

2015 டிசம்பர் 16. மும்பை விமான நிலையம், இரவு நேரம். ஐதராபாத்துக்குப் புறப்பட வேண்டிய ஏர் இந்தியா விமானம். பயணிகள் உள்ளே அமர்ந்துவிட்டனர். கீழே நின்று விமானத்தை வழியனுப்பும் தொழில்நுட்பப் பணியாளர் இன்னும் விலகவில்லை. மேலே இருந்தவர்க்கும் கீழே நின்றவர்க்கும் இடையே நேர்ந்த ஒரு தவறான புரிதல். சுழன்றுகொண்டிருந்த எந்திரம் அவரை உள்ளிழுத்துக்கொண்டது.

2019 ஜூலை 10. கொல்கத்தா விமான நிலையம், நள்ளிரவு கடந்த வேளை. ஸ்பைஸ்ஜெட் கம்பெனியின் விமானம் ஒன்றிலே பராமரிப்பு வேலை. சக்கரங்களை உள்ளடக்கும் கூட்டிலே ஓர் இளம் பணியாளர் வேலை செய்துகொண்டிருந்தார். எதிர்பாராத வகையிலே கூட்டின் கதவுகள் மூடிக்கொண்டன. அவற்றிடையே சிக்கி அந்த இளைஞர் உயிரிழந்தார்.

2022 டிசம்பர் 31. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி விமான நிலையம். உலகம் புத்தாண்டை வரவேற்கக் காத்திருந்த நாளிலே, தரைப்பணித் தொழிலாளி ஒருவரை ஓடிக்கொண்டிருந்த எந்திரம் பறித்துக்கொண்டது.

மூன்று ஊர், மூன்று கம்பெனி, மூன்று ஆண்டு. ஆனால், இத்தகைய சாவு நேரும்போதெல்லாம் ஒரே ஒரு சொல் முந்திக்கொண்டு வருகிறது: "கவனக்குறைவு!" எச்சரித்தோம், கேட்கவில்லை, பயிற்சி கொடுத்தோம், மறந்துவிட்டார், கோடு போட்டோம், தாண்டிவிட்டார். செத்தவர் எழுந்து வந்து மறுப்புச் சொல்லப் போவதில்லை. ஆகவே, அந்தச் சொல் எளிதாய் நின்றுவிடுகிறது.

மான்ட்கோமரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எச்சரிக்கை இல்லாமலில்லை. விமானம் வருவதற்குச் சற்று முன்பே பாதுகாப்பு பற்றிய பேச்சு நடந்தது, அதுவும் இருமுறை நடந்தது என்கிறது அந்நாட்டு விசாரணைக் குழு. அப்படியானால் தொழிலாளியின் குற்றந்தானே என்று அவசரப்பட்டுத் தீர்ப்பெழுத வேண்டாம். அதே குழு இன்னொன்றையும் சொல்கிறது. விமானம் தரையிலே நிற்கும்போது மின்சாரம் தரவேண்டிய சிறு துணை எந்திரம் அன்று பழுதாகிக் கிடந்தது. ஆகவே, வெளியிலிருந்து மின் இணைப்புக் கிடைக்கும்வரை பெரிய எந்திரம் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. பேச்சு இருந்தது, பழுது நீக்கப்பட்ட கருவி இல்லை! தொழிலாளியின் கவனம் ஒரு கணம் தவறியதைக் கேட்கிறவர்கள், பழுதான கருவியோடு விமானத்தைப் பறக்க விடும் ஏற்பாட்டையும் கேட்க வேண்டாமா? அந்தச் சாவுக்காக அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை அந்தக் கம்பெனிக்கு விதிக்க முன்வந்த அபராதம் 15,625 டாலர். அன்றைய மதிப்பிலே சுமார் 13 இலட்சம் ரூபாய்!

தோழர்களே, இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை ஏற்க மறுத்ததாலேதான் விமானப் பயணம் இன்று இவ்வளவு பாதுகாப்பாயிற்று! ஒரு விமானம் விழுந்தால், விமானி தவறிழைத்தார் என்று சொல்லி ஏட்டை மூடிவிடுவதில்லை. ஏன் தவறினார்? களைப்பா? கருவி குழப்பியதா? பயிற்சியிலே குறையா? கால அட்டவணை நெருக்கியதா? கேள்விக்குப் பின் கேள்வி, அடுக்கடுக்காய்! 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்பாடு, அதன் 13-ஆம் இணைப்பு, விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவதன்று, இனியொரு விபத்தைத் தடுப்பதே என்று எழுதி வைத்திருக்கிறது. அருமையான கொள்கை, வரவேற்கிறோம்.

ஆனால், அதே இணைப்பு ‘விபத்து’ என்றால் என்னவென்றும் வரையறுக்கிறது. பறக்கும் நோக்கத்தோடு எவரேனும் ஒருவர் விமானத்திலே ஏறியது முதல், அப்படி ஏறியவர் அனைவரும் இறங்கியது வரை நடப்பதுதான் ‘விமான விபத்து’! மும்பையிலே பயணிகள் அமர்ந்திருந்தனர். எனவே, கீழே மாண்ட தொழிலாளியின் சாவும் விமான விபத்து என்ற தகுதி பெற்றது. கொல்கத்தாவில் நடந்ததோ பராமரிப்பு வேலை. அந்த இளைஞரின் சாவு அந்த வரையறைக்குள் அடங்காது. போலீசார் வருவர், துறை அதிகாரியும் வருவார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், ‘விமான விபத்து’ என்ற பெயர் பெற்றதும் தானாகவே எழும் அந்த ஆழ்ந்த விசாரணை, உலகெங்கும் பாடமாகப் போய்ச்சேரும் அறிக்கை, அவற்றுக்கு உரிமை கிடையாது. இழுவை வண்டி மோதி மாண்டாலும், ஏணியிலிருந்து விழுந்து மாண்டாலும் இதே கதிதான். பயணியின் காலடி உள்ளே பட்டிருந்தால் பாட்டாளியின் பிணத்துக்கு ஒரு பெயர். படாவிட்டால் வேறொரு பெயர்! இது எந்த ஊர் நியாயம்?

சரி, விமானச் சட்டம் கைவிட்டால் தொழிலாளர் சட்டம் கை கொடுத்ததா? 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் உற்பத்தி நடக்கும் இடத்துக்கு. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. நம் பழனி மலையின் காப்பித் தோட்டத் தோழர்கள் அறிவர். 1952-இல் சுரங்கச் சட்டம். 1986-இல் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். கப்பலிலே மூட்டை ஏற்றுபவனுக்குத் தனிச் சட்டம் வந்தது. விமானத்திலே மூட்டை ஏற்றுபவனுக்கு அப்படியொன்று வரவேயில்லை.

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய சர்க்கார் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலே நல்லது எதுவுமே இல்லையா என்றால், உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் அதன் எல்லைக்குள் வருகிறது. கடமை தவறியதால் ஓர் உயிர் போனால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 5 இலட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை மாண்டவர் குடும்பத்துக்கு வழங்கும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். ஆனால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பதைப் பாருங்கள்! முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பாய்ந்த ஒப்பந்தத் தொழில் விதிகள், இனி 50 பேர் இருந்தால்தான் பாயும். முக்கிய வேலையிலே ஒப்பந்த முறை கூடாது என்கிறது சட்டம். உடனே, அதற்கென்றே அமைக்கப்படாத நிறுவனத்திலே ஏற்றுவதும் இறக்குவதும் முக்கிய வேலையாகாது என்றும் சொல்லிவிடுகிறது! பறப்பதுதான் எங்கள் தொழில், பெட்டி ஏற்றுவதன்று என்று விமானக் கம்பெனி வாதிட வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

இந்த ஒப்பந்தப் பிரச்சினைக்கும் விமானத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. ஏர் இந்தியாவின் கட்டடங்களைத் துப்புரவு செய்த ஒப்பந்தத் தொழிலாளர் வழக்காடினர். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்ட வேலையிலே இருப்பவர்கள் முதன்மை நிறுவனத்தின் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தது. தொழிலாளி நெஞ்சு நிமிர்ந்தான். ஐந்தாண்டு கூட நிமிர்ந்திருக்க விடவில்லை. 2001 ஆகஸ்டில், உருக்காலை ஆணைய வழக்கிலே ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அப்படித் தானாக வேலை நிரந்தரமாகாது என்று அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது.

ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாட்டா வசம் போனது. அதன் தரைப்பணிக் கம்பெனி உடன் போகவில்லை. சர்க்கார் கையிலே தங்கியது. சர்க்கார் கம்பெனியாயிற்றே, நிரந்தர வேலை தந்திருக்கும் என்கிறீர்களா? மூன்றாண்டு ஒப்பந்தம் என்று விளம்பரம் செய்தது! 2024 ஜூலையில் மும்பையிலே அந்த வேலைக்கு நேர்முகம் என்றதும், பல்லாயிரம் இளைஞர்கள் திரண்டு நெரிபட்டதை நாடே கண்டது. மூன்றாண்டுக் கூலிக்கு இத்தனை போட்டி இருக்கும்போது, உள்ளே நுழைந்தவன், "இந்த வண்டியின் பிரேக் சரியில்லை, ஓட்டமாட்டேன்" என்று சொல்லத் துணிவானா? ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவன் வாய் திறப்பானா? பாதுகாப்பின் முதற்கருவி தலைக்கவசமன்று. மறுத்துப் பேசும் துணிவு. அந்தத் துணிவைப் பறித்துக்கொண்டு, கையுறையும் ஒளிரும் சட்டையும் கொடுத்து என்ன பயன்?

சாவுக்குப் பின் வரும் தொகையையும் பார்த்துவிடுவோம். 1923-ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின்படி, ஈ.எஸ்.ஐ. வளையத்துக்கு வெளியே இருந்த தொழிலாளி மாண்டால், அவர் வாங்கியது எவ்வளவானாலும், 2020 முதல் மாதம் 15,000 ரூபாய் வரைதான் கணக்கிலே எடுத்தனர். 25 வயது இளைஞருக்கு அது சுமார் 16 இலட்சத்து 27 ஆயிரம். அவர் தலைக்கு மேலே அமர்ந்திருக்கும் பன்னாட்டுப் பயணிக்கு, 1999-இன் மான்ட்ரியல் உடன்பாட்டின்படி, விமானக் கம்பெனி பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாத தொகையே 2024 டிசம்பர் 28 முதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். பயணிக்குக் கிடைப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. மேலே இருப்பதும் உயிர், கீழே இருப்பதும் உயிர். இடையே ஒரு தகடுதானே இருக்கிறது? அந்தத் தகட்டுக்குப் பத்து மடங்கு விலையா?

காலம் கடந்த நியாயம் எப்படியிருக்கும் என்பதை நம் மலை அறியும். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கொடைக்கானலிலே நிறுவிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலையை மறந்துவிட்டோமா? 2001-இல் மூஞ்சிக்கல் பழைய பொருள் கடையிலே பாதரசக் கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது; ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் நோய்க்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை என்றே நிறுவனம் மறுத்து வந்தது. 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். பதினைந்து ஆண்டுகள்! அந்த நாளும் கெஞ்சிக் கிடைத்ததன்று. மலையின் தொழிலாளர் சங்கமாய்த் திரண்டு, நீதிமன்றப் படியேறி, சளைக்காமல் நின்றதால் வந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை நான்கு. விமான நிலைய எல்லைக்குள் நிகழும் ஒவ்வொரு தொழிலாளி சாவும், விமானத்திலே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விமான விபத்துக்கு நிகராக விசாரிக்கப்பட வேண்டும். அறிக்கை வெளியிடப்பட வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் விமானத் தொழிலின் முக்கிய வேலையே என்று சட்டம் சொல்ல வேண்டும். ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தும் தொழிலாளியை எவரும் நீக்கக் கூடாது. நட்டஈட்டுக் கணக்கிலே கூலிக்கு உச்சவரம்பு கூடாது.

இவை டில்லியிலே முடிவாக வேண்டியவை. பூம்பாறைக் கிளை என்ன செய்யும் என்று கைகட்டி உட்காராதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளிலே யார் யார் எந்தெந்த விமான நிலையத்திலே, எந்த ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறார்கள் என்று கணக்கெடுங்கள். நியமனக் கடிதம் உண்டா, ஈ.எஸ்.ஐ. எண் உண்டா, பயிற்சி கொடுத்த சான்று உண்டா, முதன்மை நிறுவனம் எது என்று கேட்டு எழுதி வையுங்கள். விடுமுறைக்கு வரும்போது அவர்களைப் படிப்பகத்துக்கு அழைத்துப் பேசுங்கள். அங்கே சங்கம் இருந்தால் சேரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அமைக்கத் துணை நில்லுங்கள். சாவு விழுந்த பிறகு மலர்வளையம் தூக்கிச் செல்லும் இயக்கமாக நாம் இருத்தலாகாது. விழுமுன் தடுக்கும் கரம் நமக்கு வேண்டும். அடுத்த முறை எவரேனும் ‘கவனக்குறைவு’ என்று சொல்லி ஏட்டை மூட முயன்றால், "யாருடைய கவனக்குறைவு?" என்று உரத்துக் கேளுங்கள், தோழர்களே! விடை வரும்வரை கேளுங்கள்!