போசனப்பிரியமா, குடலின் குற்றமா?

உடல் பருமனைக் குறைக்க இரைப்பையில் அறுவை செய்துகொண்டோருள் சிலர் பின்னர்க் குடிக்கு அடிமையாகின்றனர். "போசனப்பிரியம் புட்டிக்குக் குடிபெயர்ந்துவிட்டது" என்று தீர்ப்பெழுதுவோர் நம்மிடையே உளர். தலையான பாவங்கள் ஏழினையும் மனப்பாடம் செய்தவர்க்கு அது எளிது. நாம் அதனை ஏற்கோம்.

அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளின் நோயாளரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் அறுவை செய்துகொண்டோருள், ஐந்தாண்டுகளுக்குள் குடிநோயின் அறிகுறிகள் புதிதாகத் தோன்றியோர் 20.8 விழுக்காடு. இரைப்பையைச் சுற்றிப் பட்டை மட்டும் பொருத்திக்கொண்டோருள் 11.3 விழுக்காடு. இரு சாராரும் பருமனால் வருந்தியோரே! ஆசை இடம் மாறியதே முழுக் காரணமெனில் இவ்வேற்றுமை எங்ஙனம் வந்தது?

சிறுத்த பையில் மது தங்குவதில்லை. விரைந்து குடலில் இறங்கி, முன்னினும் வேகமாகவும் மிகுதியாகவும் இரத்தத்தில் ஏறுகிறது. கேடு முதலாண்டிலேயே தெரிவதுமில்லை. அதே ஆய்வாளர் 2012இல் காட்டியபடி, இரண்டாம் ஆண்டில்தான் தலைகாட்டுகிறது. இளைத்த உடலைக் கண்டு சுற்றத்தார் விருந்து வைத்து மகிழ்ந்திருக்கும் காலம் அது.

அறுவையை நாம் தூற்றவில்லை. அதனால் நீரிழிவு தணிந்தோர் பலர். ஒப்புதல் கையெழுத்து வாங்குமுன் இரத்தப்போக்கையும் சீழையும் விளக்கும் மருத்துவர், இதனையும் நோயாளியிடமும் அவர்தம் வீட்டாரிடமும் வாய்திறந்து சொல்லட்டும்.