அம்பத்தூர் பகா எண், ஆவடிக்கு 48 காரணிகள்

அம்பத்தூரின் பின்கோடு 600053, ஆவடியின் பின்கோடு 600054. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. 600053 ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர யாருக்கும் பிடி கொடுக்காது. 600054-க்கோ 48 காரணிகள்.

எங்கள் பக்கம் டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே தேர்வு என்று படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. குரூப் 4 தாளில் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கேள்விகள். அதற்காக வகுபடும் விதிகளை நோட்டில் வரிசையாக எழுதி உருப்போடுகிறார்கள். 3-க்கு இலக்கங்களைக் கூட்டு, 11-க்கு ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழி. ‘ஏன்?’ என்று கேட்டால் மட்டும் மௌனம். அந்த ஏன் தெரிந்தால் பாதி விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

10, 100, 1000 என எதை 3-ஆல் வகுத்தாலும் மீதி 1. அதனால்தான் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் போதும். ஆவடிக்குக் கூட்டுத்தொகை 15, வகுபடும். அம்பத்தூருக்கு 14, வகுபடாது.

7-க்கு எளிய விதி இல்லை என்பார்கள். சென்னைக்காரர்களுக்கு இருக்கிறது. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. ஆகவே 600 ஆயிரங்களை 1001-களாக மாற்றினால் 600 குறைவுபடும். பின்கோட்டின் முதல் மூன்று இலக்கமான 600-இல் கடைசி மூன்றைக் கழித்தால் போதும். ஆவடிக்கு 600 − 54 = 546. இது 7-ஆலும் வகுபடும், 13-ஆலும் வகுபடும். எனவே 600054-உம் அப்படியே. முழுதாகப் பிரித்தால் 2 × 3 × 7² × 13 × 157. அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்குங்கள்: 2 × 2 × 3 × 2 × 2 = 48.

அம்பத்தூருக்குக் குறுக்குவழி இல்லை. 773 வரையுள்ள 137 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் மீதி வந்த பிறகே பகா எண் என்று சொல்லலாம். காரணி இருப்பதைக் காட்ட ஒன்று போதும்; இல்லை என்று காட்ட அத்தனையும் வேண்டும்.

48 காரணிகளுக்கு ஆறு இலக்க எண் தேவையா? தேவையில்லை. 2520-க்கும் 48 காரணிகள்தான். அத்தனை காரணிகள் உள்ள எண்களில் அதுவே மிகச் சிறியது. தனக்குக் கீழுள்ள எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்தும் இத்தகைய எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை எழுதினார். இங்கிலாந்து போகும் முன் நம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர்.

1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது கடிதங்களைப் பிரிப்பதற்காக. அதன் இலக்கங்கள் ஊரைச் சொல்லும், காரணியைச் சொல்லாது. அடுத்தடுத்த இரு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணியே கிடையாது. எந்தப் பொதுக் காரணியும் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டுமே!

இதே உத்தியை பாடியிலும் (600050) பட்டாபிராமிலும் (600072) போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 22. இரண்டுமே இரட்டைப்படை. 600-இல் கழித்தால் 550, 528; இரண்டும் 11-ஆல் வகுபடும். ஆக மீ.பெ.கா. 22. நீளமாக ஒரு வகுத்தல்கூடப் போடவில்லை. தேர்வறையில் கால்குலேட்டர் இல்லாதவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?